மலையில் வீடு வாங்கப் போகும் நண்பர்களுக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போன் செய்து, "நீ பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். எதைப் பேசுவது என்று தெரியாமல்தான் இன்று காலை மலையை விட்டு இறங்கினேன். இங்கே வந்து காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஏம்ப்பா, உங்க ஏற்காட்டுல ஒரு கால் ஏக்கர் கிடைக்குமா? சின்னதா ஒரு காட்டேஜ் கட்டிப் போட்டா சனி ஞாயிறு வாடகைக்கு விடலாமே. வேலைக்கு ஒரு ஆளைப் போட்டுட்டா நாம போகவே வேண்டாம்." தலைப்பு கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து மேடையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்கள், மரத்தில் மிளகுக் கொடி. வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது இரண்டு அறை. பெயர்ப்பலகைகூட இல்லை. வந்து தங்கினவர்கள் சொல்லி வேறு ஆட்கள் வருகிறார்கள். முதலில் ஆறு அறை விட்டேன். ஆறு ஏன் இரண்டு ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்த சங்கதி.

மலைக்கு வந்து தங்குவது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தோட்டக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகமாகச் சாய்ந்த கூரை, புகைபோக்கி, கணப்பு என்று வீடு கட்டிக்கொண்டார்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்கூட கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வீடு வைத்து வாழ்ந்தார். 1912-இல் மறைந்த அவருடைய நினைவிடம் இங்கே ஹோலி டிரினிட்டி சர்ச்சில் இருக்கிறது. வரலாற்றுத் துறை மாணவர்கள் ஏரியில் படகு விட்ட கையோடு அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

ஆக, நாம் "காட்டேஜ்" என்று ஆசைப்படுகிற அந்தப் படம் சீமைக் கிராமத்திலிருந்து வந்த படம். அந்தச் சீமையிலேயே இப்போது என்ன நடக்கிறது? ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிற நம் வகுப்புத் தோழன் ஒருவன், போன வருஷம் லீவில் வந்தபோது இரண்டு நாள் என் வீட்டில் தங்கினான். அவன் குடும்பத்தோடு ஸ்பே ஆற்றுப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்தானாம். கல் சுவர், விறகு அடுப்பு, கம்பளிப் போர்வை, ஜன்னலைத் திறந்தால் மலை. "எல்லாம் அருமைடா. ஆனா சாவி வாசல்ல ஒரு சின்னப் பெட்டிக்குள்ள. நம்பரைத் திருப்பினா திறக்கும். மேஜையில ஒரு நோட்டு, அதுல எப்படி அடுப்பு மூட்டணும், குப்பை எங்க போடணும்னு எழுதியிருக்கு. ஒரு வாரத்துல வீட்டுக்காரர் முகத்தையே பாக்கல. பக்கத்து நாலு வீடும் அதே மாதிரி பூட்டிக் கிடந்துச்சு" என்றான்.

அந்தப் பூட்டிக் கிடந்த நாலு வீடுதான் அங்கே பெரிய வழக்காகிவிட்டது. வீடெல்லாம் வாடகைப் பயணிகளுக்குப் போனால், அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரும் ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவரும் எங்கே குடியிருப்பது? ஸ்காட்லாந்து அரசு 2022-இல் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே வீடு விட்டுக்கொண்டிருந்தவர்களும் 2023 அக்டோபர் 1-க்குள் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் மேலே, எடின்பரோ நகரத்திலும், என் நண்பன் தங்கிய அதே ஸ்பே பள்ளத்தாக்குப் பகுதியிலும் இன்னொரு கட்டுப்பாடு. தான் குடியில்லாத முழு வீட்டைப் பயணிகள் வீடாக மாற்றுவதற்குத் திட்ட அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் இது 2024 மார்ச் 4 முதல். தான் குடியிருக்கிற வீட்டில் ஓர் அறையை விடுகிறவருக்கு அந்தத் திட்ட அனுமதி தேவையில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலும் அந்த வித்தியாசம் எழுத்தில் இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஒன்று முதல் ஆறு அறை, அதிகம் போனால் பன்னிரண்டு படுக்கை. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். "நாம போகவே வேண்டாம்" என்று கேட்ட நண்பருக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

இது வெறும் சட்டத்துக்காகச் சொன்ன பேச்சு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். என் கதைக்கு வருகிறேன்.

ஆறு அறை கட்டிய பிறகு வந்த முதல் கோடை அது. கீழே சேலத்தில் வெயில் நாற்பது டிகிரி. மேலே முப்பதை ஒட்டி. கேட்க வேண்டுமா? மே மாதம் முழுக்க ஆறு அறையும் நிறைந்துவிட்டது. நான் தினமும் இரவில் நோட்டில் வரவு எழுதிச் சந்தோஷப்பட்டேன். மே மாதம் இரண்டாவது வாரம் கிணறு தரை தட்டியது. டாங்கர் லாரிக்குச் சொன்னேன். அதற்கும் கூட்டம், இரண்டு நாள் கழித்துத்தான் வரும் என்றார்கள். அதுவரை சமாளிக்க, வீட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிற ஊற்றில் மோட்டாரை இறக்கிக் குழாய் போட்டு ஒரு ராத்திரி முழுக்க இறைத்தேன்.

விடிகாலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தால், கீழ்க் கிராமத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நிற்கிறார்கள். ஊற்றில் சேறு மட்டும்தான் இருந்தது. யாரும் சண்டை போடவில்லை. எங்கள் தோட்டத்தில் காபிப் பழம் பறிக்க வருகிற அம்மா ஒருவர் மட்டும் சொன்னார்: "அய்யா, உங்க வீட்டுக்கு வந்தவங்க குளிச்சுட்டுக் கீழ போயிடுவாங்க. நாங்க எங்க போறது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி வரவு நோட்டை வைத்துவிட்டு வேறு கணக்குப் போட்டேன். ஓட்டலுக்குத் தண்ணீர் கணக்கிடும்போது ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று கட்டடத் துறைக்காரர்கள் வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு படுக்கைக்கு 2160 லிட்டர். கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு 55 லிட்டர். வகுத்துப் பாருங்கள். என் ஆறு அறை, கிராமத்து ஜனங்கள் முப்பத்தொன்பது பேருடைய ஒரு நாள் தண்ணீர். கீழ்க் கிராமத்தில் மொத்தமே அவ்வளவு பேர்தான் இருப்பார்கள்.

மலையில் இதுதான் சிக்கல். கிணறு இறங்குவதும் கோடையில், கூட்டம் ஏறுவதும் கோடையில். மார்ச் ஏப்ரலில் பூ மழை பெய்து காபி பூக்கிறதே, அந்த மழை தவறினால் செடிக்கும் தண்ணீர் வேண்டும். மூன்று பேரும் ஒரே ஊற்றில்தான் கை வைக்க வேண்டும்.

நான் கீழே சேலத்தில் குடியிருந்து, ஒரு ஆளைப் போட்டு நடத்தியிருந்தால் அந்தப் பெண்களைப் பார்த்திருக்க மாட்டேன். டாங்கர் பில் மட்டும் வந்திருக்கும். வீட்டுக்காரர் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஏன் எழுதி வைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாலு அறையை மூடினேன். கூரைத் தண்ணீர் முழுவதையும் பிடிக்கத் தொட்டி கட்டினேன். அந்த நாலு அறையில் இரண்டு இப்போது காபிக் கொட்டை காயப்போட்டு மூட்டை வைக்கிற இடம். ஊற்றுப் பக்கம் மோட்டார் போவதில்லை.

இன்னொரு விஷயம், குளிர். வருகிறவர்கள் எல்லோருக்கும் கணப்பு ஆசை. டிசம்பர் மாதத்தில் ஒருநாள் இரவு, தங்கியிருந்த இளைஞர்கள் வெளியே வைத்திருந்த கரி அடுப்பை அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் படுக்கப் போகும் முன்பு ஒரு சுற்றுச் சுற்றி வருகிற பழக்கம். ஜன்னலில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக் கதவைத் தட்டினேன். வேதியியல் துறை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார். நம் மலை ஊர்களில் அப்படிப் போனவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல், விறகோ கரியோ எரிகிற வீட்டில் இதற்கு ஓர் எச்சரிக்கை மணி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். தம்பி தங்கைகளே, நீங்கள் நண்பர்களோடு எந்த மலைக்குப் போனாலும் சரி, கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இந்த உரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்க வேண்டாம்.

இனி, பணக் கணக்கு. கால் ஏக்கர் கேட்ட நண்பர் ஒருவர் வருஷத்துக்கு 365 ராத்திரி என்று பெருக்கி வைத்திருக்கிறார். வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் வருஷம் முழுக்க ஒன்றுகூடத் தவறாமல் நிறைந்தாலே 104 ராத்திரிதான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் மழைக்காலம் போகும், பரீட்சைக் காலம் போகும். கடன் தவணைக்கு மழைக்காலம் தெரியாது. நிலம் வாங்குவதற்கு முன்னால் அது விற்கக்கூடிய நிலமா என்று தாலுகா ஆபீசில் பாருங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் உள்ள இடத்தில் மண்ணை வெட்டவும் கட்டடம் எழுப்பவும் தனி அனுமதி வேண்டும். கழிவுநீர்க் குழி யாருடைய கிணற்றுக்கு மேலே வருகிறது என்று சரிவில் இறங்கி நடந்து பாருங்கள்.

"அப்போ வேண்டாம்னு சொல்றியா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் இரண்டு அறை எனக்குச் சோறு போடுகிறது. காபி விலை விழுந்த வருஷங்களில் தோட்டத்தை விற்காமல் காப்பாற்றியது அந்த இரண்டு அறைதான். நம் கிராமத்துப் பையன்கள் இரண்டு பேருக்கு அதனால் வேலை. அதைவிட, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. விடியற்காலையில் அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போவேன். 5326 அடி உயரம். கோயில் என்றால் கோபுரம் தேடாதீர்கள், அது ஒரு குகை. எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையில் காலங்காலமாக வாழ்கிற மலையாளி மக்களின் குலதெய்வம். கேரளத்து மலையாளி என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்கிற கதை.

மே மாதத்தில் அங்கே திருவிழா. சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் கூடிவிடும். ஊற்றங்கரையில் என்னைக் கேள்வி கேட்டாரே, அந்த அம்மா வீட்டுக்குப் போன திருவிழாவில் போயிருந்தேன். இரண்டே அறை. உறவுக்காரர் பதினைந்து பேர் வந்து தங்கியிருந்தார்கள். திண்ணையில் நாலு பேர், அடுப்பங்கரையில் மூன்று பேர் என்று படுக்கை. எனக்கும் ஒரு தட்டுச் சோறு வந்தது. குடத்துத் தண்ணீரை எல்லோரும் அளந்து புழங்கினார்கள். வந்தவர்களில் இரண்டு பெண்கள் வீட்டுக்காரிக்கு முந்தி எழுந்து ஊற்றுக்குப் போனதையும் பார்த்தேன். ஹோம்ஸ்டே என்றால் என்ன என்று எனக்கு எந்த அமைச்சகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

ஆகவே கால் ஏக்கர் கேட்ட நண்பர்களுக்கு என் பதில். ரிட்டயர் ஆனதும் மலைக்கே வந்து குடியிருக்கப் போகிறாயா? வா, நானே நிலம் தேடித் தருகிறேன். இரண்டு அறை கட்டு, வருகிறவர்களுக்கு நீயே காபி போட்டுக் கொடு. பூட்டுப் போட்டுவிட்டுப் போனில் நடத்தத்தான் வீடு வேண்டும் என்றால், என்னை விட்டுவிடு. அந்தப் பணத்தை வங்கியில் போடு. மலைக்கு வர ஆசை வந்தால் என் வீட்டுக்கு வா. நம் பேட்ச் ஆட்களுக்கு வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, வாளியில்தான் குளிக்க வேண்டும்.

பேசச் சொன்னது பத்து நிமிஷம். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டு மணியும் ஆகிவிட்டது.