பட்டரவாக்கத்தில் இறங்குகிறவர்கள்: சென்னை மேற்கின் தொழில் சூழல்

ஒரு மாநிலத்தின் தொழில் சூழலை முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்தாகும் தொகையைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. 2024 ஜனவரியில் சென்னையில் அந்தத் தொகை 6.64 லட்சம் கோடி ரூபாய். நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது; வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இரண்டும் பெருமைக்குரிய எண்கள்தாம். ஆனால் முடித்துக் கொடுத்த வேலைக்கு ஒரு சிறு பட்டறைக்கு எத்தனை நாளில் பணம் வருகிறது என்பதை இவை காட்டுவதில்லை. சூழலைச் சரியாகக் காட்டும் அளவு அதுவே.

திருநின்றவூரில் காலை மின்சார ரயிலில் ஏறும் தொழிலாளர்களில் பெருங்கூட்டம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காகப் பட்டரவாக்கத்தில் இறங்குகிறது. இந்த ரயில் பாதையை ஒட்டித்தான் மேற்குச் சென்னையின் தொழில் வளர்ந்தது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பத்தாண்டு கழித்து அதே ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை பாடியில் எழுந்தன. 1964இல் தொடங்கிய தொழிற்பேட்டை இந்தப் பெரிய ஆலைகளுக்குத் துணையாக நின்றது.

அந்தத் துணை எப்படிப்பட்டது என்பதை ஓர் எஃகுப் பின்னைப் பின்தொடர்ந்தால் காணலாம். ஒரு ஷெட்டில் கம்பி வெட்டப்படுகிறது. அடுத்த தெருவில் சி.என்.சி. லேத்தில் கடைசல். பிறகு ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், முலாம் என்று மூன்று இடங்கள். ஒவ்வொரு முறையும் டெலிவரி சலானோடு குட்டியானை வண்டியில் ஏறி இறங்கித்தான் அந்தப் பின் ஆலையின் வாசலைச் சேர்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்கு ஐந்து முதலாளிகள், ஐந்து பில்கள்.

சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்பார்கள். மிச்சிகன் மாநிலத்தின் அந்த நகரம் மோட்டார் தொழிலையே பெரிதும் நம்பியிருந்து, 2013இல் திவால் மனு கொடுத்தது. இங்கே ஒரே லேத்தில் சைக்கிளுக்கும் ரயில் பெட்டிக்கும் டாங்கிக்கும் உதிரி கடைய முடிகிறது. 2021இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதும் இந்தத் தொழிற்பகுதி தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொல்லைகள் வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் தொழிற்பேட்டைக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தன. மோட்டாரில் சேறு புகுந்தால் காயவைத்து ஓட்டிவிட முடியாது. 2022 செப்டம்பரில் உயர்ந்த மின்கட்டணத்தில், மெஷின் ஓடாத மாதத்துக்கும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம்தான் சிறு தொழிலை அதிகம் வாட்டியது. பேட்டைக்குள்ளேயே ஐ.டி. கட்டடங்கள் எழுந்துவிட்டன, பட்டாபிராமிலும் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலைவாய்ப்புக்கு இது நல்லதுதான். ஆனால் நில விலை ஏறினால் வாடகை ஷெட்காரர்தான் முதலில் வெளியேறுவார்.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது பணத் தாமதம். பொருள் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். பட்டறைக்கோ கூலியும் மின்கட்டணமும் கையில் பணமாகவே வேண்டும். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டாமல் வாங்கியவர் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கெடுவுக்குப் பின் கொடுத்தால், கொடுத்த ஆண்டில்தான் செலவுக் கணக்கு. சட்டத்தில் குறையில்லை. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சம் பட்டறைக்காரரின் கையைக் கட்டிப்போடுகிறது. பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் தளத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் சேர வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆனால் அந்தத் தளத்திலும், வாங்கிய நிறுவனம் பில்லை ஏற்றுக்கொண்ட பிறகே பட்டறைக்குப் பணம் கிடைக்கும்.