நடுச்சாமச் சோறும் இனிப்பு நீரும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவில் நேரங்கழித்துச் சாப்பிட்டு, நேரங்கழித்துத் தூங்கினால் இனிப்பு நீர் வருமா? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு காரணத்தால் மட்டும் வராது. ஆனால் வரக்கூடிய உடம்பாக இருந்தால், வருகின்ற நாளை அது முன்னுக்கு இழுத்துவிடும். அப்படிப்பட்ட உடம்பு நம் இந்தியர்களிடையே அதிகம்.

2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதைத் தாண்டிய மலேசியர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் கணக்கெடுத்தால் அது 31.4. மாநில வாரியாகப் பார்த்தபோது நம் நெகிரி செம்பிலான்தான் 33.2 விழுக்காட்டுடன் முதல் இடம். 2023 ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆய்வில், நீரிழிவு இருந்த 18 முதல் 29 வயது இளையோரில் நூற்றுக்கு 84 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. என் கவலையெல்லாம் இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

பெடாஸ் பக்கத்துத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். ரப்பர் இருந்த காலத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு. இருட்டோடு இருட்டாக வெட்டுக்காட்டுக்குப் போனார்கள். ஏன் அந்த நேரம்? துரை அடித்த சட்டம் மட்டும் இல்லை. இரவில் மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும், பால் வரத்தும் குறையும். மரத்துக்கே நேரம் உண்டு என்று நம் பாட்டன் பாட்டிமார் கையால் தெரிந்து வைத்திருந்தார்கள். மரத்துக்கு நேரம் பார்த்த வம்சம்தான் இன்று கணையத்துக்கு நேரம் பார்க்காமல் இருக்கிறது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமை, கொசுக்கடி, கள்ளு, பிள்ளைகளுக்குப் படிப்பில்லாத நிலை எல்லாம் இருந்தன. அங்கே திரும்பிப் போக யாரும் ஆசைப்பட வேண்டாம். சோறும் அவர்கள் நிறையத்தான் சாப்பிட்டார்கள், கெட்டிப்பால் போட்ட தேநீரும் குடித்தார்கள். ஆனால் நாள் முழுக்க நடந்தார்கள். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடும், சீக்கிரமே படுக்கை.

இன்று ரப்பர் இருந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலைகளிலும், லோரியிலும், பாதுகாவலர் வேலையிலும் இருக்கிறார்கள். வேலை ஷிப்டு ஷிப்டாக மாறுகிறது. இரவு 11 மணிக்கு வேலை முடிந்தால் மாமாக் கடை திறந்தே இருக்கிறது. ரொட்டி சானாய், மீ கோரேங், தே தாரிக். வீட்டுக்கு வந்தால் அம்மா மூடி வைத்த சோறு வேறு. ஒரு மணிக்குப் படுத்து, கையில் தொலைபேசியோடு இரண்டு மணி வரை விழிப்பு.

இதில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? கணையம் சுரக்கும் இன்சுலின்தான் ரத்தத்தில் உள்ள சீனியைத் தசைகளுக்குள் அனுப்பி வைக்கிறது. இந்த வேலையைக் கணையம் பகலில் சுறுசுறுப்பாகச் செய்யும். இரவானால் மூளையிலிருந்து மெலடோனின் என்ற சுரப்பு வரும். தூங்கு என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். கணையத்தையும் அது அடக்கி வைக்கும். அந்த நேரத்தில் ஒரு தட்டுச் சோறு உள்ளே போனால், கடை சாத்திய பிறகு சரக்கு வந்து இறங்கின மாதிரிதான். சீனி ரத்தத்திலேயே தேங்கி நிற்கும்.

இது ஊகம் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 20 ஆரோக்கியமான பேருக்கு ஒரே உணவை ஒரு நாள் மாலை 6 மணிக்கும் இன்னொரு நாள் இரவு 10 மணிக்கும் கொடுத்தார்கள். இரண்டு நாளும் படுத்தது 11 மணிக்கு. 10 மணிக்குச் சாப்பிட்ட நாளில் சீனியின் உச்ச அளவு ஏறக்குறைய 18 விழுக்காடு அதிகம். 2020இல் வெளிவந்த முடிவு இது. சாப்பாடு மாறவில்லை, மணிதான் மாறியது.

தூக்கத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. 1999இல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர்கள் உடம்பு சீனியைக் கையாளும் வேகம் வெகுவாகக் குறைந்துபோனது. வார இறுதியில் சேர்த்துத் தூங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும் தம்பிமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியவர்கள் ஆகமாட்டார்கள். மனைவிமார்கள்தான் இதைக் கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"ஷிப்டு வேலையை விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்வி. அடுப்பெரிய வேண்டும். சீக்கிரம் தூங்குங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எளிது. தோட்டத்தை விட்டு வெளியே வந்து கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டவனிடம் அதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. அவனுக்கும் ஒரு நல்ல சேதி இருக்கிறது. 2021இல் பாஸ்டன் நகரில் 19 பேரை இரவு வேலை செய்பவர்கள் போல விழித்திருக்க வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சீனி 6.4 விழுக்காடு ஏறியது. விழித்திருந்தும் பகலில் மட்டுமே சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் நேரத்தை மாற்ற முடியாதவன் தட்டையாவது மாற்றலாம் என்று தெரிகிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிகிளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும், இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே சாப்பாட்டை நிறுத்திவிடக் கூடாது. சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் டாக்டரிடம் கேட்டுச் சேர்த்தே மாற்றுங்கள்.

மற்றவர்கள் முதலில் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைக் கேளுங்கள். 5.7 முதல் 6.2 வரை இருந்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். 6.3ஐத் தொட்டால் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி அது நீரிழிவு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான 'பெக்கா பி40' இலவசச் சோதனை 40 வயதிலிருந்துதான். 25 வயதுப் பையனை அது கூப்பிடாது. அம்மா அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்தால் அவன் தானாகவே போக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

கடைசியாக, அரங்கில் ஒரு அம்மா எழுதிக் கொடுத்த கேள்வி. "பிற்பகல் 3 மணிக்கு வேலைக்குப் போகும் மகன் இரவு 11.30க்குத்தான் வருகிறான். பசியோடு வரும் பிள்ளைக்குச் சோறு போடாமல் இருப்பதா?" வேண்டாம் அம்மா, பட்டினி போடாதீர்கள். சோற்றை அவன் புறப்படுவதற்கு முன் இரண்டு மணிக்கு வயிறார ஊட்டி அனுப்புங்கள். மாலை ஓய்வு நேரத்தில் சாப்பிட, வீட்டிலிருந்தே இரண்டு சப்பாத்தியும் பருப்பும் கட்டிக் கொடுங்கள். கேன்டீனில் சீனித் தண்ணீர் வாங்க மாட்டான். வீடு திரும்பியதும் ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் கீரை, இல்லையென்றால் தவ்வு போட்ட சூப்பு. மைலோ வேண்டாம். காலையில் எழுந்ததும் நன்றாகப் பசியாறட்டும்.