சண்டை மீனின் வயிற்று உப்புசம்



டில்லியின் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நமக்குப் பசு வளர்க்க இடமில்லை. கூண்டுக்கிளிக்கோ சட்டத்தில் இடமில்லை. ஆகவே குழந்தைகளின் விருப்பத்திற்கிணங்கி, ஒரு கண்ணாடித் தொட்டியில் பெட்டா எனப்படும் சண்டை மீனை வளர்க்கிறோம். அதற்கு அடிக்கடி வரும் துன்பம் வயிற்று உப்புசம்.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. 2019-ஆம் ஆண்டில் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக ஏற்றது. வெதுவெதுப்பான நெல்வயல் நீரில் கொசுப்புழுக்களையும் சிறு பூச்சிகளையும் தேடித் தின்பது இதன் இயல்பு. நம் இல்லங்களிலோ நீர் குளிர்கிறது, இரை குவிகிறது. குளிர்ந்த நீரில் மீனின் செரிமானம் மந்தப்படும். உண்டது வயிற்றிலேயே தங்கிவிடும்.

ஒரு பொங்கலுக்கு நாங்கள் ஊர் சென்றிருந்தபோது, அண்டை வீட்டார் அன்பு மிகுதியால் வேளைதோறும் உணவைத் தூவியிருந்தனர். திரும்பி வந்து பார்த்தால், மீன் ஒருக்களித்து மிதந்தது. வயிறு ஊறிய கொண்டைக்கடலை போல் பருத்திருந்தது. மகள் அழுதாள். பட்டினி போடவேண்டும் என்றதும், "நோயாளியைப் பட்டினி போடலாமா?" என்று வெகுண்டாள். லங்கணம் பரம ஔஷதம் என்பது மீனுக்கும் பொருந்தும் என்று அவளைத் தேற்றினோம்.

முதற்கண் மீனை மேலிருந்து நோக்க வேண்டும். செதில்கள் உடலோடு படிந்திருந்தால், அது பெரும்பாலும் மலச்சிக்கலே. இரண்டு, மூன்று நாட்கள் உணவை நிறுத்தி, நீரின் வெப்பத்தைச் சிறிது சிறிதாக 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு உயர்த்த வேண்டும். தேவையாயின் 20 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் எப்சம் உப்பை, அதாவது பேதி உப்பை, தனியே கரைத்து மெல்லச் சேர்க்கலாம். சமையல் உப்பு இதற்கு மாற்றாகாது. வயிறு வாடியபின் டாப்னியா என்னும் நீர்ப்பூச்சியைச் சிறிதளவு அளித்தல் நலம். எங்கள் மீன் மூன்றாம் நாள் மலங்கழித்து, நிமிர்ந்து நீந்தியது.

செதில்கள் சிலிர்த்து நின்றாலோ, அது மகோதரத்தின் அறிகுறி. சிறுநீரகம் பழுதுற்று உடலில் நீர் தேங்கும் நிலை அது, பட்டினியால் தீராது. மீனைத் தனியே பிரித்து, கால்நடை மருத்துவரை உடனே நாடவேண்டும். அவ்வாறு செய்தும் பிழைப்பது அரிது.

ஆதலின் வருமுன் காத்தலே சிறப்பு. வேளைக்கு இரண்டு, மூன்று உணவு மணிகள் போதும். வாரத்தில் ஒரு நாள் உபவாசம் இருக்கட்டும். தின்னாது விட்டதை உடனே அகற்றுக. குளோரின் நீக்கிய நீரால் வாரந்தோறும் ஒரு பகுதியை மாற்றுக. குளிர்காலத்தில் நீர்சூடேற்றியும் வெப்பமானியும் இன்றியமையாதன.

ஊருக்குச் செல்லும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நலமான, வளர்ந்த மீன் மூன்று, நான்கு நாட்கள் உணவின்றி இருக்கும். அதற்கு மேலாயின், நாளுக்கொன்றாகப் பொட்டலம் மடித்து அண்டை வீட்டாரிடம் கொடுங்கள். உணவு டப்பாவைப் பூட்டி வையுங்கள். நாங்கள் இப்பொழுது அவ்வாறே செய்கிறோம். பொட்டலங்களை எண்ணி மடிப்பவள் எங்கள் மகளே.