அந்தக் காலத்து மனிதர்கள் யார் யார்?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரிட்டனின் பிரதமராக நான்கு முறை இருந்தவர் வில்லியம் கிளாட்ஸ்டன். 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம், 1872இல் ரகசிய வாக்குமுறை, 1884இல் வாக்குரிமை விரிவாக்கம் என்று அவருடைய ஆட்சிக் காலச் சாதனைகள் நீளமானவை. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர வேண்டும் என்று சொந்தக் கட்சி உடைந்தபோதும் நின்றவர். லண்டனிலும் லிவர்பூலிலும் எடின்பரோவிலும் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஆனால் 2021இல், அவர் பிறந்த லிவர்பூல் நகரத்தின் பல்கலைக்கழகம், தன் மாணவர் விடுதியிலிருந்து கிளாட்ஸ்டன் பெயரை எடுத்துவிட்டது. மாணவர்கள் கேட்டுப் போராடி நடந்தது அது. ஏன் எடுத்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

வில்லியமின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் லிவர்பூல் வணிகர். தென் அமெரிக்காவின் வடகரையில், இன்று கயானா என்று அழைக்கப்படும் நாட்டின் டெமெராரா பகுதியில் அவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றை ஒருநாளும் அவர் நேரில் போய்ப் பார்த்ததில்லை. அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மகனின் படிப்புக்கும் வசதிக்கும் பின்னால் அந்த உழைப்பின் பணம் இருந்தது.

1823 ஆகஸ்டில் டெமெராராவில் 10,000க்கும் மேற்பட்ட அடிமைகள் எழுந்தார்கள். எழுச்சி தொடங்கியது ஜான் கிளாட்ஸ்டனின் 'சக்சஸ்' தோட்டத்தில். முன்னின்றவர் ஜாக் கிளாட்ஸ்டன். பெயரைக் கவனியுங்கள் தோழர்களே. உடைமையாளரின் குடும்பப் பெயரே அடிமையின் பெயராக ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய தந்தை குவாமினா ஒரு தச்சர். ரத்தம் சிந்த வேண்டாம், வேலைநிறுத்தம் செய்வோம் என்று சொன்னவர் அவர். அவரைச் சுட்டுக் கொன்று, உடலைச் சக்சஸ் தோட்டத்திலேயே தொங்கவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஜாக் செயின்ட் லூசியா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அடிமைகளைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டி ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலப் பாதிரியாருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1833இல், அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த விவாதத்தில் இளம் உறுப்பினர் வில்லியம் கிளாட்ஸ்டன் எழுந்து பேசினார். தன் தந்தையின் தோட்டத்தைப் பற்றி எழுந்த குற்றச்சாட்டை மறுத்துப் பேசினார். தோட்ட உடைமையாளர்களின் நலனுக்காகப் பேசினார். சட்டம் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக ஜான் கிளாட்ஸ்டனுக்குக் கிடைத்தது 1,06,000 பவுண்டுக்கும் மேல். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. அந்த இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் முழுமையாக அடைந்தது.

கதை இங்கே முடியவில்லை. இனி நம் நாட்டுக்கு வருகிறது. அடிமைகள் விடுதலையானால் கரும்பு வெட்ட யார்? 1836இல் ஜான் கிளாட்ஸ்டன் கல்கத்தா வணிக நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். சோட்டா நாக்பூர் பழங்குடி மக்களை அனுப்பலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் அவர்களைப் பற்றி என்ன எழுதியிருந்தது தெரியுமா? மனிதரைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்று பேசப்படுபவர்கள். மதம் கிடையாது, கல்வி கிடையாது. உண்பது, குடிப்பது, உறங்குவது தவிர வேறு தேவையும் கிடையாது என்று.

இந்த மொழி நமக்குப் புதிதா? சேரியைப் பார்த்து ஊர் பேசிய மொழிதானே இது!

1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. தோட்டங்களில் நடந்த அடியையும் சாவையும் அடிமை முறை எதிர்ப்பாளர்கள் அம்பலப்படுத்தியதால் சில ஆண்டுகள் ஆள் அனுப்புவது நின்றது. பிறகு 1845இல் மீண்டும் தொடங்கி, 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்." இந்த "எல்லோரும்" யார்? குவாமினா அந்தக் காலத்து மனிதர் இல்லையா? ஜாக் இல்லையா? சிறையில் செத்த பாதிரியார் இல்லையா? அடிமை முறை தவறு என்று அந்தக் காலத்தில் பல்லாயிரம் பேருக்குத் தெரிந்திருந்தது. அதன் கீழ் கிடந்தவர்களுக்கு அது முதலிலேயே தெரியும். அவர்களை மனிதர் கணக்கில் சேர்க்காவிட்டால்தான் "எல்லோரும்" என்ற சொல் பொருந்தும்.

சாதியைப் பற்றிப் பேசும்போதும் இதே சமாதானத்தைக் கேட்கிறோம். கிளாட்ஸ்டன் பிரதமராக இருந்த அதே 1873இல்தான் மகாத்மா பூலே 'குலாம்கிரி' நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் நீக்ரோ அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அவரும் அந்தக் காலத்து மனிதர்தான்.

தந்தை செய்ததற்கு மகன் பொறுப்பா என்றும் கேட்கிறார்கள். பிறப்புக்கு எவரும் பொறுப்பல்ல. இதை நம்மைவிட உறுதியாக யார் சொல்வார்கள்? 1833இல் அவர் பேசிய பேச்சுக்கு அவர்தான் பொறுப்பு. பின்னாளில் அடிமை வணிகத்தைக் கொடுங்குற்றம் என்று அவரே சொன்னார். அதையும் எழுதுவோம், வாக்குரிமைச் சட்டத்தையும் எழுதுவோம். தந்தையின் இழப்பீட்டுத் தொகையையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

நமக்குள்ளும் ஒரு வாதம் உண்டு. வெள்ளைக்காரன் வந்ததால்தான் நமக்குப் பள்ளியும் சட்டமும் கிடைத்தன என்கிறோம். மூடிக்கிடந்த சில கதவுகள் அப்போது திறந்தது உண்மை. அதே பேரரசுதான் மலைவாழ் மக்களைக் குரங்கோடு ஒப்பிட்டுக் கப்பலேற்றியது. முதல் உண்மைக்காக இரண்டாவதை மறைக்கும் கடன் நமக்கு இல்லை. இரண்டாவதைக் காட்டி, சாதி செய்த கொடுமையை மறைக்க வருகிறவர்களிடமும் ஏமாற வேண்டாம்.

லிவர்பூல் மாணவர்கள் விடுதிக்கு வைத்த புதிய பெயர் டோரதி குயா. அந்த நகரத்தில் நிறவெறியை எதிர்த்து வாழ்நாளெல்லாம் உழைத்த கறுப்பினப் பெண். கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் குவாமினா பெயரில் தெரு இருக்கிறது. 2023இல் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வாரிசுகளே கயானாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். பெயரை மாற்றினால் வரலாறு அழியும் என்றார்கள். பெயரைக் கேள்வி கேட்ட பிறகுதான் குவாமினாவைப் பலர் அறிந்தார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியில், சத்திரத்தில், தெருமுனையில் வள்ளல் என்று கல்லில் பொறித்த பெயர் இருக்கும். அந்தப் பணம் எந்த நிலத்தில் விளைந்தது, அங்கே நடவு நட்டவர்கள் யார், அவர்களுக்குக் கூலி என்ன என்று விசாரித்து எழுதுங்கள். நமக்குப் பிடித்த தலைவர்களின் பெயரையும் இதே அளவுகோலில் நிறுத்துங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு நேரம் தருகிறேன்.