கைப்பிடி நம்ம கையில்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



“பெண்களும் வாகனமும்” என்ற தலைப்பில் பேசச் சொன்னாங்க. வண்டி ஓட்டுங்க, தைரியமா இருங்க என்று சொல்லிட்டு உட்கார்ந்துடலாம். அதை விட ஒரு சங்கத்தின் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். இது அமெரிக்காவில் 1940-ம் வருஷம் பெண்களே சேர்ந்து ஆரம்பித்த மோட்டார் சைக்கிள் சங்கம். பேரு மோட்டார் மெய்ட்ஸ். மோட்டார் ஓட்டும் பெண்கள் என்று வச்சுக்குங்களேன். 80 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தச் சங்கம் இன்னும் நடக்குது. ஒரு குழுவை 5 வருஷம் கலையாமல் கொண்டு போக என்ன பாடு என்று நமக்குத் தெரியும். அவங்க எப்படிக் கொண்டு போனாங்க என்று பார்ப்போம்.

கடிதத்தில் சேர்ந்த குழு

ரோட் ஐலண்டு என்ற சிறிய மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்று ஒரு நகரம். அங்கே லிண்டா டுஜோ என்ற பெண் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தார். தன்னைப் போல வண்டி ஓட்டுகிற பெண்கள் நாட்டில் எத்தனை பேர், எங்கே இருக்காங்க என்று அவருக்குத் தெரியாது. விமானம் ஓட்டுகிற பெண்கள் 1929-லேயே ஒரு சங்கம் வச்சிருந்தாங்க. ஆரம்பத்தில் 99 பேர் சேர்ந்ததால் அதன் பேரே “தொண்ணூற்றொன்பது”. ஆகாயத்தில் பறக்கிறவங்களுக்குச் சங்கம் இருக்கும்போது ரோட்டில் ஓட்டுகிறவங்களுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று லிண்டா யோசித்தார்.

செல்போன் இல்லாத காலம். மோட்டார் சைக்கிள் விற்கிற கடைகளுக்கும் தெரிந்த ஓட்டிகளுக்கும் கடிதம் எழுதினார். “உங்க பக்கத்தில் வண்டி ஓட்டுகிற பெண் இருந்தால் விலாசம் அனுப்புங்க” என்பதுதான் விஷயம். ஒவ்வொரு விலாசமாகச் சேர்த்து, 1940-ல் 51 பெண்களோடு சங்கம் பிறந்தது. மறு வருஷம், 1941-ல், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தில் பதிவும் கிடைத்தது. குழு ஆரம்பிக்க நம்ம ஊக்குநர் வீடு வீடாகப் போனாங்களே, அந்த வேலையைத்தான் லிண்டா தபாலில் செய்தார்.

பின்னால் நின்ற குடும்பம்

முதல் தலைவியாக வந்தவர் டாட் ராபின்சன். 1912-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பிறந்தவர். இவருடைய அப்பா சைடு கார் செய்கிறவர். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு சக்கரத்தோடு ஆள் உட்காரத் தொட்டி மாதிரி மாட்டுவாங்களே, பழைய சினிமாவில் பார்த்திருப்பீங்க, அதுதான் சைடு கார். 1918-ல் குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. பட்டறைச் சத்தத்திலேயே பொண்ணு வளர்ந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று அப்பா தடுக்கவில்லை.

1931-ல் ஏர்ல் ராபின்சனைத் திருமணம் செய்தார். 1935-ல் புருஷனும் பெண்சாதியும் சைடு கார் வண்டியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரைக்கும், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, மாறி மாறி ஓட்டினாங்க. 89 மணி 58 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது அன்றைக்குச் சாதனை. 1940-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக் பைன் என்ற போட்டியில், சைடு கார் பிரிவில் டாட் முதலிடம் பெற்றார். காட்டிலும் மணலிலும் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓட்டணும். அந்த அளவுக்கான தேசியப் போட்டியில் ஜெயித்த முதல் பெண் அவர்தான். 1946-லும் ஜெயித்தார். பிற்பாடு கணவனும் மனைவியும் டெட்ராய்ட் நகரில் ஹார்லி டேவிட்சன் வண்டிக் கடை நடத்தினாங்க.

அப்பாவும் வீட்டுக்காரரும் துணைக்கு இருந்தாங்க, உண்மைதான். ஆனால் சங்கத்தை நடத்தினது டாட்டும் அவங்க தோழிகளும்.

ஒரே ஒரு விதி

அந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர ஒரு விதி உண்டு. வண்டி உங்களுடையதாக இருக்கணும், இல்லைன்னா உங்க குடும்பத்தாருடையதாக இருக்கணும். அதை நீங்களே ஓட்டணும். பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவருக்கு அங்கே இடம் கிடையாது.

இதைக் கொஞ்சம் யோசிங்க சகோதரிகளே. பேரு நம்ம பேரில், கையெழுத்து நம்ம கையெழுத்து, ஆனால் முடிவு எடுக்கிறது வேற யாரோ என்றால் நாம பின் சீட்டில்தானே உட்கார்ந்திருக்கோம்? கடன் நம்ம பேரில் வாங்கி வண்டி எடுக்கிறோம். ஆர்.சி. புத்தகத்தில் யார் பேரு? சாவி யார் கிட்ட இருக்கு? தவணை மட்டும் நம்ம தலையில். வீட்டு ஆம்பளைங்க வண்டியைத் தொடக் கூடாது என்று நான் சொல்லலை. டாட்டும் ஏர்லும் ஒரே வண்டியை மாறி மாறித்தானே ஓட்டினாங்க! நம்ம முறை வரும்போது கைப்பிடி நம்ம கைக்கு வரணும், அவ்வளவுதான்.

வெள்ளைக் கையுறை

மோட்டார் சைக்கிள் என்றால் ரவுடிகள் என்று அங்கே ஒரு பேரு இருந்தது. 1947-ல் கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற ஊரில் நடந்த ரகளை பத்திரிகைகளில் வந்ததும் அந்தப் பேரு இன்னும் பரவியது. பெண் ஓட்டினால் என்ன பேசியிருப்பாங்க என்று நான் சொல்லத் தேவையில்லை. மோட்டார் மெய்ட்ஸ் சண்டைக்குப் போகவில்லை. நீலமும் வெள்ளிச் சாம்பலும் கலந்த சீருடை, கையில் வெள்ளைக் கையுறை என்று ஊர்வலங்களில் வரிசையாக ஓட்டினாங்க. “வெள்ளைக் கையுறைப் பெண்கள்” என்றே பேரு வந்தது. டாட் தன் வண்டியையே ரோஸ் நிறத்தில் வச்சிருந்தார். உதட்டுச் சாயம் வைக்க அதில் ஒரு இடமும் உண்டு! 1944-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஒஹையோவில் கொலம்பஸ் நகரில் முதல் மாநாடு கூட்டினாங்க.

நாம் கவனிக்க வேண்டியவை

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது. டாட் ராபின்சன் 25 வருஷம் ஒருவரே தலைவியாக இருந்தார். நம்ம குழுவில் பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுக்கணும் என்கிறோம். அதுதான் சரி. ஆனால் அவர் இறங்கின பிறகும் சங்கம் கலையவில்லை, மாவட்ட வாரியாகப் பொறுப்பாளர்களை வைத்துத் தொடர்ந்து நடத்தினாங்க. அதைப் பாராட்டணும்.

இன்னொன்று. இவங்க பதிவு பெற்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் அல்லாதவரைச் சேர்க்கவில்லை. அதே நாட்டில் பெஸ்ஸி ஸ்டிரிங்ஃபீல்டு என்ற கறுப்பினப் பெண் தனியாக நாடு முழுக்க மோட்டார் சைக்கிள் ஓட்டினார். நிறத்தைப் பார்த்துத் தங்க இடம் கொடுக்காத ஊர்களில், பெட்ரோல் பங்கில் வண்டி மேலேயே படுத்துத் தூங்கினார். சிறந்த ஓட்டிகளைக் கௌரவிக்கிற பட்டியலில் அவருக்கு இடம் கிடைத்தது 2002-ல், அவர் இறந்த பிறகு. டாட்டுக்கு 1998-லேயே, உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது. 1999-ல் அவர் காலமானார். நம்ம ஊரில் எந்தத் தெருப் பெண்கள் இன்னும் எந்தக் குழுவிலும் இல்லை என்று நாமும் கேட்டுக்கணும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று விஷயத்தைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. குழுக் கடனில் வாங்கின வண்டி, தையல் மிஷின், மாடு ஒவ்வொன்றும் யார் பேரில் இருக்கு? வண்டி ஓட்டத் தெரிந்தவர், தெரியாத எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுக்கலாம்? லிண்டா கடிதம் எழுதித் தேடின மாதிரி, விட்டுப்போன பெண்களை யார் போய்க் கூப்பிடப் போறாங்க?

51 பேர் ஆரம்பித்த சங்கத்தில் இன்றைக்கு அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆயிரத்துக்கு மேல் பெண்கள் இருக்காங்க. இந்தக் கூடத்திலேயே 51 பேருக்கு மேல இருக்கோம்.