சக்கரத்தை விட்டுப் பிரியும் சேறு



திருவண்ணாமலையில் தீபத் திருவிழா கார்த்திகையில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். ஏழாம் நாள் பெரிய தேர் மாட வீதியைச் சுற்றும். வீதி நனைந்து கிடந்தாலும் அவ்வளவு பெரிய சக்கரம் யார் மேலும் சேற்றை வாரி இறைப்பதில்லை. ஒரு பைக் கடந்து போனால் வேட்டி பாழாகிவிடுகிறது.

சக்கரத்தில் ஒட்டிய சேறு அதோடு சேர்ந்து சுற்ற வேண்டுமானால், அதை நடுவை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிப்பது சேற்றின் ஒட்டும் தன்மை. வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு பிடி வேண்டும். தேர் நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது, சக்கரத்தின் ஆரம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தேவையான பிடி சேற்றின் எடையில் நாற்பதில் ஒரு பங்குதான். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பைக்கின் டயரிலோ, எடையைப் போல் 34 மடங்கு பிடி வேண்டும். நீர்த்த சேறு உடனே விட்டுவிடும். களிமண் விடாமல் ஒட்டிக்கொண்டு மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

பிடி விட்ட துளி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, அதே திசையில் நேராகக் கிளம்புகிறது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சி, வண்டியைப் போல் இரு மடங்கு வேகத்தில் முன்னே ஓடுகிறது. இடைப்பட்ட இடங்கள், சக்கரத்தின் பின்பக்கம் உட்பட, கொஞ்சமாவது முன்னோக்கித்தான் போகின்றன. ஆகவே வழுக்காமல் உருளும் சக்கரம் எந்தத் துளியையும் பின்னால் எறிவதே இல்லை! பின்னால் வருபவரின் முகத்தில் படும் சேறும் முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்ததுதான். அது மெதுவாகப் போனது, இவர் வேகமாக வந்து அதில் மோதினார்.

கிரிவலப் பாதையில் மட்கார்டு இல்லாத சைக்கிளை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், சேறு சுமார் 1.6 மீட்டர் உயரம் வரை எழும்பும். அச்சுக்கு நேர் பின்னே பிரியும் துளி, ஓட்டுபவர் கண்ணுக்கு நெட்டுக்குத்தாக ஏறி இறங்கும். அதற்குச் சற்று மேலே பிரிவது அவர் முதுகில் கோடு போடும்.

சேற்றில் சிக்கிய வண்டியின் கதை வேறு. வண்டி நகராமல் சக்கரம் மட்டும் சுழலும்போது அதன் அடிப்பக்கம் பின்னோக்கி ஓடுகிறது. சேறும் நிஜமாகவே பின்னால் பாய்கிறது. அப்படிப்பட்ட வண்டியைத் தள்ளிவிடப் போனால், பின்சக்கரத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று தள்ளுங்கள்.