தழும்புக்குள்ள ஓடுற மின்சாரம்: இதயத்துடிப்பைச் சரிசெய்யும் கதிர்வீச்சு

கதிர்வீச்சு சிகிச்சைன்னா நமக்கு உடனே கேன்சர்தான் ஞாபகம் வரும். அதே மெஷினை வெச்சு, நெஞ்சைத் திறக்காம, உள்ள ஒரு வயர்கூட விடாம, தாறுமாறா துடிக்கிற இதயத்தைச் சரிபண்ணப் பார்க்கிறாங்க. இன்னைக்கு அதைப் பத்திப் பேசுவோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ல அப்பா அம்மாவை விட்டுட்டு சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்க்கிறவங்க கொஞ்சம் கவனமா கேளுங்க.

முதல்ல நோய். ஹார்ட் அட்டாக்ல இதயத்தசையோட ஒரு பகுதி செத்துப்போகும். ஆள் பிழைச்சுடுவார், ஆனா அந்த இடத்துல தழும்பு நின்னுடும். இதயத்தைத் துடிக்க வைக்கிற மின்சாரம், தழும்புக்குள்ள மிச்சமிருக்கிற தசைநார்கள் வழியா ஊர்ந்துதான் போகும். அது வெளிய வர்றதுக்குள்ள சுத்தியிருக்கிற தசை அடுத்த துடிப்புக்குத் தயாரா நிக்கும். அதைத் தூண்டிவிட்டு, சுத்தி வந்து, மறுபடி தழும்புக்குள்ளயே நுழையும்.

சிவகாசிக்காரங்களுக்கு இப்படிச் சொல்லலாம். திரியை வட்டமா வெச்சுப் பத்தவெச்சா ஒரு சுத்தோட முடிஞ்சிடும், எரிஞ்ச திரி மறுபடி எரியாது. இதயத்தசை ஒரு நொடிக்குள்ள மறுபடி பத்தத் தயாராயிடும். அதனால நெருப்பு சுத்திக்கிட்டே இருக்கும். இதுதான் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, சுருக்கமா வி.டி. மயக்கம் வரும். சிலசமயம் உயிரே போகும்.

இதுக்கு மாத்திரை இருக்கு. தொடை ரத்தக்குழாய் வழியா வயர் விட்டு அந்தப் பாதையைச் சுடுற அப்லேஷன் இருக்கு. ஷாக் கொடுத்துக் காப்பாத்துற ஐ.சி.டி. கருவி இருக்கு. எல்லாம் செஞ்சும் அடங்காத நோயாளிகளுக்குத்தான் கதிர்வீச்சு.

2012-ல ஸ்டான்ஃபோர்டுல சைபர்நைஃப் மெஷின்ல ஒருத்தருக்குச் செஞ்சு பார்த்தாங்க. 2017-ல செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர்கள் ஃபிலிப் குகுலிச், கிளிஃபோர்ட் ராபின்சன் குழு 5 பேரோட முடிவை வெளியிட்டாங்க. 256 மின்முனை உள்ள ஒரு சட்டையை மாட்டிவிட்டு, கோளாறு எங்க கிளம்புதுன்னு வெளியிலிருந்தே கண்டுபிடிச்சாங்க. அந்த இடத்துக்கு ஒரே தடவை 25 கிரே. கேன்சருக்கு வழக்கமா ஒருநாளைக்கு 2 கிரே அளவுலதான் கொடுப்பாங்க. சராசரியா 14 நிமிஷத்துல வேலை முடிஞ்சது. முந்தின 3 மாசத்துல அஞ்சு பேருக்கும் சேர்த்து 6,577 தடவை வி.டி. வந்திருந்தது. சிகிச்சைக்கப்புறம் முதல் ஆறு வாரத்தைக் கழிச்சுப் பார்த்தா, எல்லாருடைய மாதங்களையும் கூட்டி 46 மாசத்துல வந்தது 4 தடவை.

கதிர் அந்த இடத்தைக் கருக்கிடுதுன்னுதான் நினைச்சாங்க. ஆனா புதுத் தழும்பு உருவாக மாசக்கணக்காகும், துடிப்போ சில வாரத்துலயே அடங்குது. 2021-ல அதே பல்கலைக்கழகத்து ஆய்வுல வேற ஒரு விளக்கம் கிடைச்சது. கதிர் பட்ட தசையில மின்சாரம் முன்னைவிட வேகமா ஓடுது. ஊர்ந்து போன இடத்துல ஓட ஆரம்பிச்சா, அந்தச் சுத்து நிக்காது, அறுந்துபோகும். அதாவது கதிர் திரியை எரிச்சு அழிக்கலை, அதோட வேகத்தை மாத்தியிருக்கு.

ஆனா இது இன்னும் ஆராய்ச்சி நிலையில இருக்கிற சிகிச்சை. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் மூணு வாரத்துல பக்கவாதம் வந்து இறந்துட்டார். நுரையீரல் அழற்சி, இதயத்தைச் சுத்தி நீர் கோர்க்கிறது மாதிரி பக்கவிளைவுகளும் உண்டு. இதயம் துடிக்கும், மூச்சுல ஏறி இறங்கும், பக்கத்துலயே உணவுக்குழாய். அதனால கேன்சர் டாக்டரும் இதய மின்னியல் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்தாத்தான் இது நடக்கும்.

நம்ம ஊருக்கு இதுல என்ன இருக்கு? தழும்பு எவ்வளவு சின்னதோ, ஆபத்து அவ்வளவு குறைவு. சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 70 கிலோமீட்டர். அந்தத் தூரத்துல போற ஒவ்வொரு நிமிஷமும் தசைதான். அதுக்குத்தான் 2023-ல தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் சேர்ந்த முதல் டோஸைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.

இன்னொண்ணு. பட்டாசு ஷெட்டு வெக்கையில ஒருத்தர் மயங்கினா, "வெயில்தான், சோடா குடுங்க"ன்னு முடிச்சிடுவோம். ஏற்கனவே ஹார்ட் அட்டாக் வந்தவர், படபடன்னு அடிச்சு மயங்கினார்னா அது வெயிலா மட்டும் இருக்கணும்னு இல்ல. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லப்பா"ன்னு சொன்னாலும் விடாதீங்க, இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கணும். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணும்போது இதை மட்டுமாவது சொல்லிடுங்க.